நீர் விழுங்கிய சிவப்பு

பதுளைத் தோட்டமொன்றில் பிறந்த எனக்கு, சிறுவயதில் கடல் என்பது நாட்காட்டிப் படம்தான். ஊவாவுக்கோ கடற்கரையே இல்லை. பத்திரிகைப் பணிக்கு வந்தபின், மட்டக்களப்பில் சுழியோடி ஒருவர் தாம் எடுத்த படங்களைக் காட்டினார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல். சுமார் 50 மீற்றர் ஆழம். நீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். விளக்கொளியை மிக அருகே பாய்ச்சினாலன்றிப் பவளம் சிவக்காது. அடியில் கிடைப்பதோ சில நிமிடங்கள். உடலில் கரைந்த நைதரசன் மெல்ல வெளியேற, மேலேறுகையில் நின்று நின்றுதான் வரவேண்டும். அவ்வளவு பாடுபட்டு அவர் மீட்டுவந்த சிவப்பு, முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட கப்பலின் இரும்பில் பூத்திருந்தது.

எங்கள் பத்திரிகையில் அது கறுப்பு மைத்திட்டாகவே அச்சானது. பிரதியை அவருக்கு நான் அனுப்பவில்லை.