தேனீ செத்தால் வேறு சொல்

லிதுவேனியாவில் மாடு செத்தால் அதற்கொரு வினைச்சொல், 'கைஷ்தி'. நாய் என்றால் இன்னும் மட்டமாக 'த்வேஸ்தி'. இதை மனிதரைப் பற்றிச் சொன்னால் அது வசவு. மனிதர் இறப்பதற்கு உரியது 'மிர்தி'. அந்த மரியாதை பூச்சிகளில் ஒன்றுக்கு மட்டும் உண்டு. தேனீ செத்துக் கிடந்தால் பழைய தேனீ வளர்ப்பவர் 'மிரே' என்பார், இறந்துபோனது என்று. கூட்டுக்கு வெளியே கிடந்தவற்றை மண்ணில் புதைக்கும் வழக்கமும் இருந்தது.

'மிர்தி' நம் காதுக்கு அவ்வளவு அந்நியமில்லை. சமஸ்கிருதத்தின் 'ம்ருத்யு', லத்தீனின் 'மோர்ஸ்' எல்லாம் அதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. அந்த வேரில் வந்த மரணமும் அமிர்தமும் சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. தமிழின் சொந்தச் சரக்கு சாவும் இறப்பும்தான். ஆகவே லிதுவேனியனோடு நமக்கு இருப்பது ரத்த உறவல்ல, கடன் வாங்கிய வழியில் வந்த சொந்தம்.

மட்டமான 'த்வேஸ்தி'யின் கதை இன்னும் வேடிக்கை. மூச்சைக் குறிக்கும் வேரில் பிறந்த சொல் அது. ஆவியைக் குறிக்கும் 'த்வசியா' அதன் உடன்பிறப்பு. தேவாலயத்தில் பரிசுத்த ஆவிக்கும் அந்தச் சொல்தான். ஒரே வேர், ஒன்று பீடத்தில், மற்றது நாயோடு. சொல்லின் கௌரவத்தை வேரில் தேடுவது வீண் வேலை.

சாப்பாட்டிலும் இதே பாகுபாடுதான். சமஸ்கிருத 'அத்', லத்தீன் 'எதோ' ஆகியவற்றோடு பிறந்த பழைய வினை 'ஏஸ்தி' இன்று கால்நடைக்குப் போய்விட்டது, மனிதருக்கு 'வல்கிதி'.

தேனீக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? காட்டு மரப்பொந்துகளில் தேன் எடுத்த காலத்தில் தேனும் மெழுகும் பெருஞ்செல்வம். மெழுகு வெளிநாடுகளுக்கும் போனது. 1529-ல் வந்த லிதுவேனியச் சட்டத் தொகுப்பில் தேன்மரத்தைச் சேதப்படுத்துவோருக்குத் தண்டனை இருந்தது. யான் லாசிட்ஸ்கி எழுதி 1615-ல் வெளியான நூல், தேனீக்களின் தெய்வமாக அவுஸ்தேயாவைக் குறிப்பிடுகிறது. அந்தப் பெயரை 'நெய்தல்' என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு.

தேனீயை விற்பதும் வாங்குவதும் தகாத செயல் என்று கருதினார்கள். ஒருவர் கூட்டிலிருந்து பிரிந்த தேனீக் கூட்டம் பக்கத்து வீட்டில் போய்க் குடியேறினால் இரு குடும்பங்களும் உறவாகிவிடும். தேனீயைக் குறிக்கும் 'பித்தே'யிலிருந்து அந்த உறவாளிக்குப் 'பிச்சூலிஸ்' என்று பெயர் வந்தது. தேன்கூட்டையே பார்த்திராத வில்னியஸ் இளைஞனும் இன்று தன் கூட்டாளியை அப்படித்தான் அழைக்கிறான்.