காய்கறித் தோட்டத்தில் குனிந்தவருக்கு

மதிப்பிற்குரிய ஜான் லப்பக் அவர்களுக்கு,

லண்டனில் வங்கி நடத்தியவர், பின்னாளில் நாடாளுமன்றம் போனவர், 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்து உழைக்கிறவர்களுக்கு ஓய்வுநாள் வாங்கித் தந்தவர் என்று உங்களுக்கு நன்றி சொல்லப் பலர் உண்டு. நான் நன்றி சொல்ல வந்தது வேறொன்றுக்கு. 1866-இல் கென்ட் பகுதியில், உங்கள் வீட்டுக் காய்கறித் தோட்டத்து மண்ணைக் குனிந்து பார்த்தீர்களே, அதற்கு.

அங்கே கிடைத்த பாரோபஸ் என்ற மண்வாழ் சிற்றுயிர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். வெளிறிய உடம்பு, கண் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் மரவட்டைக் குஞ்சு என்று ஒதுக்கியிருப்பார்கள். முட்டையிலிருந்து வரும்போது மரவட்டையைப் போலவே பாரோபஸுக்கும் மூன்று ஜோடிக் கால்தானே! தோலுரிக்கத் தோலுரிக்க ஐந்து, ஆறு, எட்டு என்று கூடி, பெரும்பாலும் ஒன்பது ஜோடியோடு நின்றுவிடும். நீங்கள் அதன் உணர்கொம்பைக் கவனித்தீர்கள். பூரானுக்கும் மரவட்டைக்கும் அது கிளையில்லாமல் நீளும். இதற்கோ இரண்டாகப் பிரிந்து, கிளை நுனிகளில் மொத்தம் மூன்று நீண்ட இழைகள். இது தனிக் குலம் என்று லினேயன் சங்கத்துக்கு எழுதினீர்கள். பாரோபோடிடே குடும்பத்தின் கதை அங்கே தொடங்குகிறது.

லென்ஸ் வழியே அதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. கிடுகிடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், திசைமாறி மறுபடி ஓடும். உடம்பின் பக்கத்துக்கு ஐந்தாக நீண்ட உணர்மயிர்கள். காற்று லேசாக அசைந்தாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடும். மண்ணைத் தோண்டும் பலம் அதற்கில்லை. வேர் மட்கிப்போன துளைகளிலும் மண் வெடிப்புகளிலும் நுழைந்து, அந்த இருட்டில் பூஞ்சை இழைகளைத் தின்று பிழைக்கிறது. யாரையும் கடிப்பதில்லை, விவசாயிக்குப் பெரிய தொல்லையும் இல்லை. மனிதர்கள் கணக்கில் லாபமும் இல்லாததால் தேடிப் போகிறவர்களும் குறைவு. ஸ்வீடனின் உல்ஃப் ஷெல்லரைப் போல மிகச் சிலரே பல பத்தாண்டுகளை இதற்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் உங்கள் வழியாகவே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் கண்ட இனத்துக்கு பாரோபஸ் ஹக்ஸ்லியை என்று பெயரிட்டீர்கள். உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி அன்றைய இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய பெயர்! அதைத் தூக்கி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் உயிருக்குச் சூட்ட, அந்த உயிரின் மேல் உங்களுக்கு எத்தனை மதிப்பு இருந்திருக்க வேண்டும்!


உங்கள் வாசகன்