ஈரக் கை சொன்ன பாடம்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மாணவியர் அறுவர், அருகிலுள்ள சிறப்புப் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் அறிவியல் கற்பிக்கச் சென்றோம். அங்கே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், மெதுவாகக் கற்பவர்கள். முதல் நாள் கரும்பலகையில் ‘ஆவியாதல்’ என்று எழுதி விளக்கினோம். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் சன்னல் பக்கம் திரும்பிவிட்டனர்.

“ஒரு நாளைக்கு ஒரே பாடம், அதையும் கையில் கொடுங்கள், சலிக்காமல் திரும்பச் சொல்லுங்கள்” என்றார் அப்பள்ளி ஆசிரியை.

மறுவாரம் பிள்ளைகளே ஓர் ஈரத்துணியை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் காயப்போட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வெயிலில் போட்டது முதலில் காய்ந்தது. அப்போது, அதிகம் பேசாத ஒரு சிறுமி தன் ஈரக் கையை ஊதிவிட்டு, “அக்கா, சில்லுனு இருக்கே, ஏன்?” என்றாள்.

நாங்கள் விழித்தோம். கொதிநீர் 1 கிராம் ஆவியாக ஏறக்குறைய 540 கலோரி வெப்பம் வேண்டும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள்! கையிலுள்ள நீரும் ஆவியாக வெப்பம் வேண்டுமே; அதைக் கையிலிருந்தே எடுக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

“உன் கைச் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறது” என்றோம். அவள் எல்லார் கையையும் நனைத்து, ஊதி, அதையே சொன்னாள். எங்கள் கைகளையும் விடவில்லை.

இப்போதெல்லாம் பாடம் ஒப்பிக்குமுன் ‘ஏன்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம்.