பிரஷர், சுகர் பார்க்கிற நாள்

கேரள மலையூரான பள்ளிவாசலின் அரசு மருந்தகப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே 1940-ல் ஓடத் தொடங்கிய மின்நிலையம், மேலே தேயிலை. பெஞ்சில் தமிழ், ஜன்னலில் மலையாளம். சிஸ்டர் இரண்டையும் கலந்து பேசுகிறார்.

கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் ஜவுளிக்கடைப் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வைக்கிறார். முதலில் மெட்ஃபார்மின். கல்லீரல் ரத்தத்தில் கொட்டும் சர்க்கரையைக் குறைப்பது. "எனக்கு இது வயித்தக் கலக்குது" என்கிறார் பக்கத்திலிருப்பவர். சாப்பாட்டோடு போடச் சொல்கிறார் சிஸ்டர்.

அடுத்தது கிளிமிபிரைடு. கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும்; வயிறு காலியா என்று பார்க்காது. பறித்த கொழுந்தின் எடை கூடினால் காசு கூடும் என்று கஞ்சியைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கி வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு மிட்டாயைக் காட்டுகிறார். இந்தப் பாடம் மலையிலேயே படித்தாயிற்று.

கிளிப்டின் வகை மாத்திரைகள் குடல் ஹார்மோனைச் சீக்கிரம் அழியவிடாமல் காத்து, சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைத் தூண்டும். நேரத்துக்குச் சாப்பிட முடியாதவருக்கு அதுதானே பொருத்தம்? பையில் அது இல்லை.

மூன்றாவது அட்டை, மகன் அடிமாலியில் வாங்கித் தந்த டாபாகிளிஃப்ளோசின். காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு இந்த மலைக்கும் ஏறி வந்துவிட்டது. சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுவதை இது தடுக்கிறது. நாளுக்குச் சுமார் 70 கிராம்கூட சிறுநீரில் போய்விடும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் போகிற சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்.

"தண்ணி நல்லா குடிக்கணும் அம்மா."

"குடிச்சிட்டு எங்க ஒதுங்கறது சிஸ்டர்? மேல சூப்பர்வைசர் நிக்கிறாரு, கீழ ரோட்டுல டூரிஸ்ட் வண்டி."

பெண்கள் சிரிக்கிறார்கள். ஆண்கள் சுவரில் ஒட்டிய கொசு ஒழிப்பு நோட்டீசைப் படிக்கிறார்கள்.

தண்ணீர் குடிக்காமல் இந்த மாத்திரையைப் போட்டால் உடம்பு வற்றும். சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பூஞ்சை பிடித்து அரிக்கவும் செய்யும். சிஸ்டர் குனிந்து அதைத்தான் கேட்கிறார்.

"இருந்துச்சு. அதான் போன வாரமே நிறுத்திட்டேன்" என்கிறார் அம்மா, உரத்த குரலில்.

"டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"அவரு ஆம்பள."

"வாங்க, நான் கூட வரேன்."