மட்டாஞ்சேரி மாடியில் ஒரு தோட்டம்



பிழைப்பிற்காகச் சொந்த ஊரை விட்டு நகரத்திற்கு வந்த நம்மில் பலருக்கு நிலம் இல்லை. வாடகை வீடும் ஒரு துண்டு மொட்டை மாடியும்தான் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீடும் அப்படிப்பட்டதே. தெருவில் மிளகு, சுக்கு மண்டிகளின் மணம் வீசும். சற்று அப்பால் காயல். உங்கள் வீட்டில் ஒரு பழைய வாளியும் சில கூடை மண்ணும் இருக்குமானால், இந்த மாடித் தோட்டத்தின் கதை உங்களுக்கும் உரியதே.

இங்கே செடி வளர்க்கிறவர் முதலாவது கற்றுக்கொள்ள வேண்டியது மழையைத்தான். ஜூன் பிறந்தால் சட்டியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். ஆகவே ஒவ்வொரு சட்டியையும் செங்கல்லின்மேல் ஏற்றி வைத்து, அடித்துவாரம் அடைபடாதபடி ஓட்டாஞ்சில்லு இடுகிறோம். மண்ணோடு மக்கிய சாணமும் உப்புப்போக அலசிய தேங்காய் நார்த்தூளும் சேர்க்கிறோம். மீன் கழுவிய தண்ணீர் மிளகாய்க்கு. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு. ஆராதனை முடிந்து வீடு திரும்பும் சகோதரிகளின் கைப்பையில் ஒரு கன்றோ சிறிது விதையோ இருக்கும். இப்படித்தான் எங்கள் தோட்டம் பெருகிற்று.

ஒரு மழைக்காலத்தில் கத்தரிச் சட்டிகளில் முளைத்திருந்த சிறு செடிகளைக் களையென்று பிடுங்கி எறிந்துகொண்டிருந்தேன். அடுத்த மாடியில் துணி எடுக்க வந்த மலையாள அம்மச்சி, "ஐயோ மோளே, அது கீழார்நெல்லியாணு!" என்றார். என் கை நின்றுவிட்டது. ஊரில் என் பாட்டி வரப்போரத்தில் காட்டிய கீழாநெல்லி அல்லவா அது! பெயரும் ஏறக்குறைய அதே பெயர். நானோ மறந்துவிட்டேன். அருகில் நின்ற என் எட்டு வயது மகளோ அப்பெயரைக் கேட்டதே இல்லை. பாட்டியிடமிருந்து வந்த ஓர் அறிவு என்னோடு நின்றுபோயிருந்தது.

இதை நான் பெரிதாக எண்ணக் காரணம் உண்டு. இதே கொச்சியை 1663இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். பின்பு மலபாரின் ஆளுநராயிருந்த ஹென்ரிக் வான் ரீட், இந்நாட்டுச் செடிகளைக் குறித்து ஒரு நூலைத் தொகுப்பித்தார். சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோர் செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தனர். ஓவியர்கள் வரைந்தனர். அந்நூல்தான் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அதில் 700க்கும் மேற்பட்ட தாவரங்கள் உள்ளன. இட்டி அச்சுதன் 1675இல் கோலெழுத்தில் எழுதிக்கொடுத்த உறுதிமொழியும் முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது.

அந்நூலின் முதற்செடி எது தெரியுமா? நம் முற்றத்துத் தென்னைதான், 'தெங்ஙு'! தும்பையும் உண்டு, நான் பிடுங்கி எறிந்த கீழாநெல்லியும் உண்டு. ஆனால் நூல் இலத்தீன் மொழியில் இருந்தபடியால், பெயர்களைச் சொல்லித்தந்த மக்களின் சந்ததியாருக்கே அது எட்டவில்லை. பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல ஆண்டுகள் உழைத்து, 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் அதைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 325 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று!

எண்ணிப் பாருங்கள். ஆளுநரே கேட்டு எழுதிவைத்த அறிவு, நம் வீட்டில் ஒரே தலைமுறையில் மறைந்துபோகலாம். வாடகை வீடு நாளை மாறும், சட்டிகள் உடையும். பெயரைச் சுமந்துசெல்ல வண்டி வேண்டியதில்லை.

இப்பொழுது எங்கள் மாடியில் கீழாநெல்லிக்குத் தனிச் சட்டி உண்டு. மகள் ஒவ்வொரு சட்டியிலும் தமிழிலும் மலையாளத்திலும் பெயர் எழுதி ஒட்டுகிறாள். நோய்க்கு மருத்துவரிடமே செல்கிறோம். செடியை அறிந்துகொள்வது வேறு காரியம். ஊரிலிருக்கும் உங்கள் தாயாருக்கு இன்று தொலைபேசியில் பேசும்போது, கொல்லையில் என்னென்ன முளைத்திருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.