நிழல், எதிரொலி, காந்தம்

மனிதன் தன் உடம்போடு பிறந்து, அதனோடு வாழ்ந்து, அதன் உட்புறத்தை ஒரு நாளேனும் காணாமல் மறைந்த காலம் நெடியது. இன்றோ மலைநாட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் கண்டித் தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ சென்று, தன் வயிற்றில் வளரும் சிசுவின் இதயத் துடிப்பைத் திரையிற் கண்டு திரும்புகின்றாள். இத்தகைய படம் எடுக்கும் முறைகள் பல. ஆயினும் நம் வீட்டுப் பேச்சில் அவை யாவும் ‘ஸ்கேன்’ என்னும் ஒரே சொல்லாகிவிட்டன. பெயர் ஒன்றாகவே, அச்சமும் ஒன்றாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், கலஹாவுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து எமது உயர்தர வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன், பாடம் முடிந்தபின் தயங்கித் தயங்கி எம்மிடம் வந்தான். “சேர், அக்காவுக்கு இப்போது ஐந்து மாதம். ஸ்கேன் எடுத்தால் கதிர் பட்டுப் பிள்ளைக்கு ஊனம் வரும் என்று மாமியார் விடமாட்டேன் என்கிறார். அது உண்மையா?” என்று கேட்டான்.

அதே மாதத்தில் நகரத்து நண்பர் ஒருவர் எம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய மகனுக்கு இரண்டு நாளாகத் தலைவலி. பரிசோதித்த வைத்தியர், சீ.டி. ஸ்கேன் தேவையில்லை என்று சொல்லிவிட்டாராம். “பணம் நாம்தானே கொடுக்கிறோம், எடுத்தால் என்ன?” என்பது அவர் கேள்வி. அஞ்ச வேண்டாததற்கு ஒரு குடும்பம் அஞ்சிற்று. அளந்து பயன்படுத்த வேண்டியதை மற்றது கடைச் சரக்கைப் போலக் கேட்டது. இரு குடும்பத்தாருக்கும் வேண்டியிருந்தது சிறிதளவு பௌதிகவியலே.

முதலில் நிழலைப் பார்ப்போம். 1895 நவம்பர் 8ஆம் நாள் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜன் என்னும் பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையை அக்கதிரால் படம் பிடித்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. சதையிலுள்ள காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவை சிறிய அணுக்கள். அவை இக்கதிரைப் பெரும்பாலும் போகவிடுகின்றன. எலும்பிலுள்ள கல்சியம் அவற்றினும் பெரிய அணுவாதலால் கதிரைக் கூடுதலாக உறிஞ்சுகின்றது. எனவே எலும்பின் நிழல் விழுகின்றது. படத்தில் வெண்மையாகத் தெரிவது அந்த நிழலே.

ஆனால் நிழலுக்கு ஒரு குறை உண்டு. ஓரிடத்தில் நின்று ஹந்தானை மலைத்தொடரைப் பார்த்தால் அதன் சிகரங்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். சுற்றி வந்து பார்த்தாலன்றோ எது முன், எது பின் என்பது விளங்கும். சீ.டி. ஸ்கேன் செய்வது இதுவே. எக்ஸ் கதிர்க் குழாய் உடம்பைச் சுற்றிச் சுழன்று பல நூறு கோணங்களில் நிழல்களை எடுக்கின்றது. அவற்றைக் கணினி குறுக்குவெட்டுப் படமாகச் சேர்க்கின்றது. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த கருவி இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அதே ஆண்டில், நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் சிறந்த கணித முறையொன்றை வெளியிட்டவர்கள் இருவர். ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய கோ. நா. இராமச்சந்திரன், மற்றவர் அவருடன் உழைத்த இலட்சுமிநாராயணன். அவர்கள் பெயரால் வழங்கும் கணிப்பு முறையை இத்துறையின் மாணவர் இன்றும் கற்கின்றனர்.

எக்ஸ் கதிருக்கு அணுவிலிருந்து இலத்திரனைப் பெயர்த்தெறியும் ஆற்றல் உண்டு. அவ்வாற்றல் உயிரணுவின் மரபுப் பொருளையும் ஊறுபடுத்தக் கூடும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு?’ என்பதே. கதிரே படாத இடம் உலகில் இல்லை. மண்ணிலும் கல்லிலும் உணவிலும் அது உண்டு. நம் நாட்டின் சபரகமுவை மணிக்கற் படிவுகளிற் கிடைத்த, தோரியம் மிகுந்த தோரியனைற்று என்னும் கதிர்வீசும் கனிமத்தை 1904ஆம் ஆண்டளவில் உலகறியச் செய்தவர், கலையறிஞராக நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமியே. இயற்கையிலிருந்து மனிதன் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவேட்டு. நெஞ்சுப் படம் ஒன்றில் கிடைப்பது அதிகமாயின் 0.1 அளவு, அதாவது இயற்கை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தரும் அளவே. வயிற்றுச் சீ.டி. ஒன்றோ மூன்று நான்கு ஆண்டுகளில் இயற்கை தருவதை ஒரே முறையில் தந்துவிடும். குழந்தைகளுக்கு அதன் தாக்கம் மேலும் அதிகம். நண்பரின் மகனை வைத்தியர் அனுப்பாதது இதனாலேயே. ஆனால் விபத்தில் தலையில் அடிபட்டவனுக்குச் சீ.டி. உயிர் காக்கும், அப்போது தயங்குதல் கூடாது.

இனி எதிரொலி. மனிதச் செவி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே கேட்கும். எசல பெரஹராவில் நடந்து செல்லும் யானைகள் அதற்குக் கீழான ஒலியிலும் தம்முள் பேசவல்லவை. அந்தியில் முற்றத்தில் பூச்சி பிடிக்கும் சிறு வௌவால் அதற்கு மேலான ஒலியை எழுப்பி, எதிரொலி கேட்டு வழியறியும். பேராதனைப் பூந்தோட்டத்து மரங்களில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் கண்ணையே நம்புவன. கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ஸ்கேன் அச்சிறு வௌவாலின் வித்தையே. செக்கனுக்குப் பல இலட்சம் முறை அதிரும் கழியொலி, இழையத்துள் செக்கனுக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் வேகத்திற் சென்று, உறுப்புகளின் எல்லைகளிற் பட்டுத் தெறித்து வருகின்றது. அது திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் கணிக்கப்படுகின்றது. வயிற்றிற் பூசும் குளிர்ந்த களி, தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று நில்லாதிருப்பதற்கு. மெல்லிய காற்றுப் படலமும் ஒலியைத் திருப்பியனுப்பிவிடும். இம்முறையில் எக்ஸ் கதிர் சிறிதும் இல்லை.

எமது மாணவன் இதை அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டு போய், அக்காவின் மாமியாருக்குத் தானே விளக்கினான். மூன்றாம் நாள் அக்கா வைத்தியசாலைக்குச் சென்றாள். நச்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கிடப்பது படத்தில் தெரிந்தது. தொடர்ந்து கண்காணித்த வைத்தியர்கள், உரிய காலத்திற் சத்திரசிகிச்சை செய்து குழந்தையை எடுத்தனர். அப்படம் இன்றி வீட்டிலே வலி கண்டிருந்தால், இரத்தப் பெருக்கால் இரு உயிருக்கும் ஆபத்து நேர்ந்திருக்கும். அக்குழந்தை இப்போது முன்பள்ளிக்குப் போகின்றது.

மூன்றாவது காந்தம். நம் உடம்பில் பெரும்பகுதி நீர். நீரில் ஐதரசன் உண்டு. ஐதரசன் கரு ஒவ்வொன்றும் நுண்ணிய காந்தம் போன்றது. எம்.ஆர்.ஐ. கருவியின் வழக்கமான வலிமை 1.5 தெசுலா, நாம் வாழும் இடத்துப் புவிக்காந்தத்தைப் போல முப்பதினாயிரம் மடங்குக்கு மேல். அக்காந்தப் புலத்தில் ஒழுங்குபட்ட கருக்களை வானொலி அலையால் தட்டி எழுப்பினால், அவை பழைய நிலைக்கு மீளும்போது தாமும் மெல்லிய அலையை விடுகின்றன. கொழுப்பு, நீர், மூளை இழையம் ஒவ்வொன்றும் மீளும் காலம் வேறு. அந்த வேறுபாடே படமாகின்றது.

இங்கும் எக்ஸ் கதிர் இல்லை. ஆனால் இரும்பு ஆகாது. தாலியைக் கழற்ற மனமில்லாமல் வாசலிற் கலங்கி நிற்கும் தாய்மாரை நாம் கண்டதுண்டு. தூய பொன்னைக் காந்தம் இழுக்காது. ஆயினும் நகை சூடேறலாம், படத்தையும் கெடுக்கலாம். கொடியில் மாட்டிய சட்டை ஊசியோ இரும்பாயின் பறந்து சென்று ஊறு செய்யும். மஞ்சட் கயிற்றில் மஞ்சட் துண்டொன்றைக் கட்டிக்கொண்டு, தாலியைக் கணவர் கையிற் கொடுத்துவிட்டுச் செல்வதில் குறையொன்றும் இல்லை.

ஆதலின், படம் எடுக்க வேண்டுமென வைத்தியர் சொல்லும்போது மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். இது நிழலா, எதிரொலியா, காந்தமா? இதனால் எதை அறிய விரும்புகின்றீர்கள்? கதிரில்லாத வேறு வழி இதற்குப் போதுமா? கர்ப்பமுற்றிருந்தாலும் உடம்பினுள் உலோகம் இருந்தாலும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மாணவர்களே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கதிர்ப்படவியலைப் பட்டப்படிப்பாகவே கற்கலாம். அதற்கு முன்பே, வகுப்பிற் படித்த ஒலியையும் ஒளியையும் காந்தத்தையும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு.