அண்ணனின் இசைத்தட்டுகள்

மதுரை

அன்புள்ள சுமதிக்கு,

அப்பாவின் இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றப் போகிறேன், எந்த சவுண்ட் கார்டு வாங்கட்டும் சித்தப்பா என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய பட்டியலில் உள்ள விலை கூடின கார்டு எதுவும் வேண்டாம்மா. அந்தக் காசை ஊசியிலும் போனோ ப்ரீஆம்ப்பிலும் போடு.

காட்ரிட்ஜிலிருந்து வருவது நாலைந்து மில்லிவோல்ட்தான். கார்டின் லைன்-இன் கேட்பது கிட்டத்தட்ட நூறு மடங்கு. அது மட்டுமில்லை, தட்டை வெட்டும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளைத் தூக்கித்தான் வெட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் தடம் அகன்று, ஒரு பக்கத்தில் நாலு பாட்டுகூட அடங்காது. ஊசி உரசும் இரைச்சலும் தூக்கலாகக் கேட்கும். 1954இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுதான் எல்.பி.க்களுக்குப் பொதுவாக நிலைத்தது. ப்ரீஆம்ப் சத்தத்தைக் கூட்டுவதோடு, அந்த அளவைத் தலைகீழாகத் திருப்பிப் பாட்டைச் சமன் செய்கிறது. அது இல்லாமல் நேரே செருகினால் பி. சுசீலாவின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். லேப்டாப்பின் மைக் துளைப் பக்கம் போகவே போகாதே. பெரும்பாலும் அது மோனோ.

முதலில் பிளேயரைத் திருப்பிப் பின்பக்கம் பார். ‘போனோ / லைன்’ என்று சின்ன சுவிட்ச் இருந்தால் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, தனியே வாங்க வேண்டாம். ஆனால் லைனில் வைத்துவிட்டு இன்னொரு ப்ரீஆம்ப்பிலும் செருகாதே. இரண்டு முறை திருத்தம் நடந்து பாட்டு உடைந்து கொழகொழவென்று ஆகிவிடும்.

சுவிட்ச் இல்லையென்றால் இரண்டு வழி. பெஹ்ரிங்கர் யூஎஃப்ஓ202 சின்னப் பெட்டி, ப்ரீஆம்ப் உள்ளே உண்டு, நேரே யூஎஸ்பி. ஆனால் 16 பிட்டோடு நின்றுவிடும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்றால் 24 பிட். ப்ரீஆம்ப் மட்டும் தனியாக வேண்டும். அதன் துளைகள் கிட்டார் செருகும் 6.35 மி.மீ. அளவு. ஒருபக்கம் ஆர்சிஏ, மறுபக்கம் அந்தப் பெரிய பின் உள்ள கேபிளைக் கேட்டு வாங்கு, இடது வலது இரண்டுக்கும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

எல்.பி.யின் ஒலி வீச்சு எழுபது டெசிபலைத் தாண்டினாலே அதிசயம். 16 பிட் 96 டெசிபல் வரை தாங்கும். அப்புறம் எதற்கு 24? தட்டின் உச்சச் சத்தம் எங்கே வருமென்று முன்கூட்டித் தெரியாது. மீட்டர் மைனஸ் ஆறு டெசிபலைத் தாண்டாமல் தாராளமாக இடம்விட்டுப் பதியலாம், அதற்குத்தான். 48 கிலோஹெர்ட்ஸ் போதும். நாற்பது நிமிட எல்.பி. அதில் சுமார் 690 எம்.பி.; 96 கிலோஹெர்ட்ஸில் 1.4 ஜி.பி. அந்தக் கூடுதலில் கீறல்தான் துல்லியமாகப் பதியும்!

உய்ங்கென்று இரைச்சல் வந்தால் பெட்டியைக் குறை சொல்லாதே. பிளேயரிலிருந்து கவட்டை முனையோடு ஒரு மெல்லிய ஒயர் தொங்கும், அதை ப்ரீஆம்ப்பின் எர்த் திருகில் மாட்டு. அப்போதும் நிற்காவிட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதி.

பெட்டியின் அடியில் கனமான 78 ஆர்.பி.எம். தட்டுகள் கிடக்குமே, அவற்றை இந்த ஊசியில் ஓட்டாதே. எல்.பி. ஊசி முனையின் ஆரம் ஏறக்குறைய 18 மைக்ரான். 78இன் தடத்துக்கு 70, 75 வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடிக்கே இறங்கி அழுக்கில் உரசும். அதற்கென்று தனி ஊசி கிடைக்கிறது. உன் காட்ரிட்ஜுக்குப் பொருந்துவதா என்று பார்த்து வாங்கு.

இன்னொன்று. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத்தில் ஆரம்பிக்காதே. அது எங்கும் நல்ல பதிவாகவே கிடைக்கிறது. நம் வீட்டுத் தட்டோ தினமும் விடியற்காலையில் ஓடித் தேய்ந்தது. வெளியே எங்கும் கிடைக்காத வசனத் தட்டுகளையும் நாதஸ்வரத்தையும் முதலில் முடி.

பிளேயரின் பின்பக்கத்தையும் காட்ரிட்ஜையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன், அதுவரை எதையும் ஆர்டர் போடாதே. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா